பின்பக்கத்து மூன்று பிளக்

கீழ்வீட்டு ரொட்டிக்காரர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விடிவதற்கு முன்பே பேக்கரியில் மாவு பிசையத் தொடங்குகிற ஆள், மதியம் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கலாம். படுக்கமாட்டார். குழாய் சொட்டுகிறது என்று குழாயைக் கழற்றுவார். சொட்டாத குழாயையும் எதற்கும் இருக்கட்டும் என்று கழற்றுவார். கதவுக் கீல், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மாடிப்படியின் கைப்பிடி என்று அவர் கை படாத பொருள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. கழற்றியதில் முக்கால்வாசியைத் திரும்ப மாட்டியும் விடுவார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் காரின் முன்மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை அந்தக் காரில்தான் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போக வேண்டும்.

அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவள். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை அலுவலகத்தில் அழுதுகொண்டு நிற்கிறது என்றெல்லாம் ஊருக்கே சொல்கிற குரல் அவளுடையது. அவளை முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் கிடையாது. கடையில் போய்க் கால் கிலோ வெங்காயம் என்று அவள் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர் தன்னையறியாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார். இதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் குரல் வருகிற கழுத்தில்தான் கட்டி. திராட்சை அளவில் இருந்தது வளர்ந்து எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. எச்சில் விழுங்கினால் அதுவும் மேலே ஏறி இறங்கும். இப்படியே விட்டால் மூச்சுக்குழாயை அழுத்தும், எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, அதனால் குரல் மாறாமலும் இருக்கலாம், மாறினாலும் மாறலாம் என்றும் சொன்னார். எவ்வளவு மாறும் என்று ரொட்டிக்காரர் கேட்டிருக்கிறார். அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று பதில். வீட்டுக்கு வந்து அந்த ஒரு பதிலையே வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தார்.

ஏற்கெனவே இரண்டு தடவை தேதி கொடுத்து இரண்டு தடவையும் தள்ளிப்போட்டாயிற்று. முதல் தடவை பேக்கரி அடுப்பு பழுதாகிவிட்டது என்றார். அடுத்த தடவை அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றார். இந்தத் தடவையும் வராவிட்டால் இனி வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். விஷயம் இப்படி இருக்கும்போது இந்த மனிதர் காரைப் பிரிக்கிறார்.

நான் இறங்கிப் போனேன். மழை வரும்போல இருந்துகொண்டு வராத நாள். காற்றே இல்லை. வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பேக்கரி டிரேயில் சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ரொட்டி அடுக்குகிற கை, போல்ட்டையும் அதே நேர்த்தியோடுதான் அடுக்குகிறது.

"என்ன அண்ணே இது, இன்னைக்குப் போய்?"

"பிளக் மாத்தணும்மா. மேடு ஏறும்போது திக்குது. நாளைக்குப் பாதி வழியில நின்னுச்சுன்னா என்ன பண்றது?"

வாடகை வண்டி பிடித்தால் போயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். வண்டி கொஞ்சம் திக்குவது உண்மைதான், நானும் அதில் போயிருக்கிறேன். ஆனால் திக்கிக்கொண்டே அது மாதக் கணக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கார் அவர் தகுதிக்குக் கொஞ்சம் பெரியது. ஒரு ஓட்டல் முதலாளியிடமிருந்து பழைய இரும்பு விலைக்கு வந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கிற பிளக் அதில் ஆறு. மூன்று முன்பக்கம், முகம் பார்க்கிற மாதிரி நிற்கும். மற்ற மூன்றும் எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்துக்கு முன்னே உள்ள தகட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒளிந்திருக்கும். சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளி என்று பேருக்கு ஒன்று உண்டு. பின்பக்கத்து மூன்றைத் தொட வேண்டுமானால் எஞ்சின் மேல்பாகத்தையே கழற்ற வேண்டும், வண்டியை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டறைக்கும் இன்று விடுமுறை. இவராவது சும்மா இருந்திருக்கலாம். கையை விட்டால் எட்டாமலா போகும் என்று ஆரம்பித்துவிட்டார்.

முன்பக்கத்து மூன்றும் சொன்னபடி கேட்டன. ஒவ்வொன்றின் தலையிலும் மின்சாரம் கொடுக்க உட்கார்ந்திருக்கும் காயிலைக் கழற்றி, சைக்கிள் பம்பை வைத்துக் குழிக்குள் இருந்த தூசியை ஊதி வெளியேற்றினார். தூசி உள்ளே விழுந்தால் எஞ்சினுக்குள் மணல் போட்ட மாதிரி என்றார். பிறகு நீளக் கம்பியின் முனையில் சாக்கெட்டை மாட்டி, கரி பிடித்த பழைய பிளக்கை அலுங்காமல் வெளியே எடுத்தார். புதியதைத் திருகுவதற்கு அவர் கையாண்ட முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சாண் ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, குழாயை விரலால் உருட்டி உருட்டி இறக்கினார். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும், வம்பாக ஏறாது. நேராகப் பிடித்தால் தானாக உள்ளே போகும். அது உட்கார்ந்த பிறகுதான் இறுக்குகிற ராட்செட்டைத் தொட வேண்டும், அதுவும் அரைச் சுற்றுக்கு மேல் கூடாது, எஞ்சின் தலை அலுமினியம், மரை போனால் வண்டியே போச்சு என்று எனக்குப் பாடம் எடுத்தார். நானும் தலையாட்டினேன்.

பின்பக்கத்துக்கு வந்ததும் கதை மாறியது. மாவு பிசைந்து பிசைந்து உரலாட்டம் ஆகிவிட்ட கை அவருடையது. மணிக்கட்டு வரை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தார். கையைத் திருப்பினார், இடது கையால் முயன்றார், மட்கார்டில் போர்வையைப் போட்டுக் குப்புறப் படுத்தும் பார்த்தார். ஒரு தடவை எப்படியோ உள்ளே போய்விட்ட கை வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன ஆலோசனை வந்து நின்றார். எதற்கும் யாருக்கும் ஆலோசனை சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர். வண்டியை விற்றுவிடுவதுதான் நல்லது என்று சொன்னார். கை மாட்டிக்கொண்டு நிற்கிற மனிதரிடம் அதை அவர் விளக்கமாகவே சொன்னார். நான் சமையல் எண்ணெய் கொண்டுவந்து முழங்கையில் ஊற்றி ரொட்டிக்காரரின் கையை மீட்டேன். தோல் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போனார். துடைத்த ராட்செட்டை மறுபடி துடைத்தார். கேட் வரை நடந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். நான் வேலை பார்க்கிற பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குமுன் இப்படித்தான் அறைக்குள் நடப்பார். அந்த நினைப்பில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்றேன். அவ்வளவுதான், நிற்க இருந்த வேலை மறுபடி தொடங்கிவிட்டது. நான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கம்பி முனையில் இருந்த கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் நீட்டினேன். அவர் அதற்குள் எட்டிப் பார்த்தார். பிளக்கின் குழிகள் மூன்றும் நன்றாகவே தெரிந்தன. தெரிந்து என்ன, கை போக வேண்டுமே.

அக்கா டீயோடு வந்தது அப்போதுதான். தட்டை மதிற்சுவரில் வைத்துவிட்டு, செய்தித்தாளில் கிடந்ததையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல எதுல போறதா உத்தேசம்?"

"இதுலதான்."

"இதுக்கு உள்ள இருக்க வேண்டியதெல்லாம் வெளியில கிடக்கே."

"மாட்டிருவேன். கைதான் எட்டல."

அக்கா டீயைக் குடித்தாள். விழுங்கும்போது கழுத்துக் கட்டி ஏறி இறங்கியது. ரொட்டிக்காரர் சட்டென்று குனிந்து டிரேயில் எதையோ தேடத் தொடங்கினார். அவர் அந்தக் கழுத்தைப் பார்க்காமல் இருப்பதை வீட்டில் ஒரு வேலையாகவே வைத்திருந்தார். பேசும்போது அவள் நெற்றியைப் பார்த்துப் பேசுவார்.

டம்ளரை வைத்துவிட்டு அக்கா மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சுடிதாரின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். "நகருங்க," என்றாள். ஒல்லியான, நீளமான கை. எனக்கு அது தோன்றாமல் போனதே என்று இருந்தது. அவர் வேண்டாம் என்றார், நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவள் என்றார், உடம்பில் கிரீஸ் படக்கூடாது என்றார். உங்கள் கை உள்ளே இருந்தபோது அப்படியே விட்டிருந்தால் நாளைக்கு நீங்கள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீர்கள், எஞ்சினையும் தூக்கிக்கொண்டு, என்று அவள் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

மரமுக்காலியின் மேல் ஏறி, போர்வையின்மீது சாய்ந்து, அக்கா கையை விட்டாள். தோள் வரை போயிற்று. கன்னம் எஞ்சின் மூடியில் பதிந்திருந்தது. என் கண்ணாடியும் விளக்கும் அதற்கப்புறம் வேண்டியிருக்கவில்லை. அவள் கை இருந்தால் கண்ணாடிக்கு இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தாள்.

"ஒரு கொக்கி மாதிரி இருக்கு."

"அதான் காயிலோட பூட்டு. அதை அமுக்கி இழு."

"அமுக்குது. வரல."

"மேல இழுக்காத, உன் பக்கம் இழு."

"எம்பக்கம்னா எது? நான் தலைகீழாத் தொங்கறேன்."

இப்படியே பேசிப் பேசி முதல் பிளக் வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கி அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்து மூன்றைவிட மோசம், இதுதான் திக்கலுக்குக் காரணம் என்றார். அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. காரைப் பிரித்ததற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டதல்லவா. பம்பை அவர் அடிக்க, முனையை அவள் பிடிக்க, தூசி பறந்தது. ரப்பர் குழாயில் புதுப் பிளக்கைச் செருகி அவள் கையில் கொடுத்தார். அவள் கண்ணை மூடியபடியே உருட்டினாள். உட்கார்ந்துவிட்டது என்றாள். ராட்செட்டை இறக்கினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் மேல் அவர் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அது திரும்புகிற கனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, "நிறுத்து," என்றார். நிறுத்தினாள்.

இரண்டாவதும் அப்படித்தான். "நிறுத்து," என்றார், நிறுத்தினாள். அதற்குள் அவர்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர் கேட்குமுன் அவள் கை நீளும், அவள் கேட்குமுன் அவர் சாமானைத் தருவார். அவள் தன் அலுவலகக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டுத் தன் மாமியாரைப் பற்றிப் பேசியதை பஸ் நிலையம் முழுக்க நின்று கேட்டதாம். பஸ்ஸே கிளம்பவில்லையாம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் நான் கேட்காத சத்தம் அது. நான் கீழே குந்தியிருந்து பழைய பிளக்குகளை வரிசையாக வைத்தேன். இன்னும் ஒன்று முடிந்தால் இவர்கள் காலையில் கிளம்பிவிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது, மூலையில் இருந்தது. அதற்கு அவள் முக்காலியை நகர்த்தி, காதையும் சேர்த்து எஞ்சினுக்குள் வைக்கிற மாதிரி சாய வேண்டியிருந்தது. பழையதை எடுத்து, ஊதி, புதியதை உருட்டி இறக்கினாள். ராட்செட் கொஞ்சம் சாய்வாகத்தான் இறங்கியது, வேறு வழியில்லை. அவர் கம்பியில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம் மாறவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் அவர் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"போதும்," என்றார்.

அக்கா இன்னொரு இழுப்பு இழுத்தாள். உள்ளே பல் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் தொழிலில் அதைக் கேட்டால் டாக்டரின் முகம் வெளுத்துவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு முறிந்துவிட்டது.

அவர் கம்பியிலிருந்து விரலை எடுத்தார்.

"போதும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதான் இன்னொரு இழுப்பு இழுத்தேன்."

"போதும்னா நிறுத்தறதுதானே?"

"நம்ம வீட்ல என்னைக்குப் போதும்னா நிறுத்தியிருக்கோம்?"

அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறவர்களுக்கு இது புரியும். அங்கே போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். போதும் என்று இரண்டு கையையும் தட்டின் மேல் குறுக்கே வைத்தால், கைக்கு நடுவில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து அங்கே விழும். ரொட்டிக்காரர் பாதி வயிற்றிலேயே போதும் என்று சொல்லிவிடுவார், அவள் இன்னும் வைப்பாள், அவரும் ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் அதுதான் கணக்கு. நானே அங்கே சாப்பிடும்போது தட்டு நிறையுமுன் போதும் என்று சொல்லப் பழகிவிட்டேன். நிஜமாகவே வேண்டாம் என்றால் எழுந்து கை கழுவிவிட வேண்டும். முப்பது வருடம் அந்த வார்த்தையை அப்படிப் புழங்கிவிட்டு, எஞ்சினுக்கு முன்னால் நின்று திடீரென்று அதற்கு வேறு அர்த்தம் கேட்டால் அவள் என்ன செய்வாள்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வாசலில் இரண்டு நடை நடந்தார்.

"சரி, விடு. கடையும் இல்ல, பட்டறையும் இல்ல. நாளைக்கு வண்டி வராது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி இன்னொரு தேதி கேட்டுருவோம்."

அதை அவர் சொன்ன வேகம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. முகத்தில் வருத்தமே இல்லை. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த ஆளைப் போல இருந்தார். அக்கா முக்காலியிலிருந்து இறங்கினாள். தோள் வரை கிரீஸ், கன்னத்தில் எஞ்சின் மூடியின் தடம்.

"இதுக்குத்தான் மத்தியானத்துலேர்ந்து காத்துக்கிட்டிருந்தீங்களா?"

"எதுக்கு?"

"ஊர்ல வேற வண்டியே இல்லையா? இத்தனூண்டு பிளக் ஒண்ணு உடைஞ்சா கழுத்துல இருக்கறது தானா கரைஞ்சிருமா? முதல்ல அடுப்பு. அப்புறம் தங்கச்சி. இப்ப வண்டி. அடுத்த தேதிக்கு என்னத்தைப் பிரிக்கப் போறீங்க, வீட்டையா?"

அவர் முன்மூடியை மூடப் போனார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடிக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். மோதிரம் என் கையில் இருந்தது, போக முடியவில்லை.

"என்னால முடியலடி," என்றார் அவர். முதல் தடவையாக அவள் கழுத்தைப் பார்த்தே சொன்னார். "பேக்கரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். காலைலேர்ந்து உன் குரல் கேட்டுக்கிட்டேதான் மாவு பிசையறேன். நீ லீவு போட்ட இந்த ஒரு வாரத்துல ரெண்டு நாள் உப்புப் போட மறந்துட்டேன். அத்தனை ரொட்டியும் திரும்பி வந்துச்சு. முதலாளி கேட்டா என்ன சொல்லச் சொல்ற? உன் குரல் போயிட்டா நான் எங்க போவேன்?"

அக்கா தகட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவர் பேக்கரியில் அவள் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்பது அவளுக்கே புதுச் செய்தி என்று நினைக்கிறேன். வீட்டில் அவள் எதையாவது நாலு தடவை சொன்னால்தான் அவர் காதில் ஏறும். அதையேதான் அவளும் சொன்னாள், ஆனால் கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

"வீட்ல சொன்னா ஒரு வார்த்தை காதுல விழாது. எந்த பஸ் எங்க நிக்குதுன்னு மட்டும் நல்லாக் கேக்குது."

"அது கேக்கறதுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. மறைக்கவில்லை. அவள் கிரீஸ் இல்லாத கையால் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. நான் குனிந்து செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் பக்கத்தில் அவர் வந்து குந்தினார். நான் அடுக்கி வைத்திருந்த பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கத்திலிருந்து வந்த ஒன்று மற்றவற்றைவிடத் தேவலையாக இருந்தது. அதைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். முனையின் இடைவெளியைப் பார்த்து லேசாகத் தட்டினார். மறுபடி தேய்த்தார். எழுந்து போய் அவள் கையில் கொடுத்தார்.

"இது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உடைஞ்சத எடுத்துட்டு இதைப் போடு."

வேண்டுமானால் அவர் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். பழையதை மாட்டலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்காது. மனிதர் அந்த மதியத்தில் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான் என்று எனக்குப் பட்டது.

முறிந்த பிளக், அதன் கீழ்ப்பாகத்து இரும்பு பிடி கொடுத்ததால் கழன்று வந்தது. பீங்கான் துண்டு ஒன்றும் உள்ளே விழாதபடி எடுப்பதற்கு முன்னும் பின்னும் பம்பை நெடுநேரம் அடித்தார். இந்தத் தடவை இறுக்கும்போது அவர் வார்த்தை எதையும் நம்பவில்லை. அவள் முதுகில் கையை வைத்திருந்து, தட்டினார். அவள் நிறுத்தினாள்.

காயில்களை மாட்டி, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சீரான சத்தம். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். குறை கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனாலும் மேட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். அக்கா தானும் வருகிறேன் என்றாள். கை கழுவ அவர் பின்பக்கம் போனார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சோப்பும் சர்க்கரையும் கலந்து கிரீஸைத் தேய்க்கிற அவர் வழக்கம் எனக்குத் தெரியும், வர நேரமாகும்.

அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"பல்லு, கட்டிலுக்கடியில ஒரு பை இருக்கு. எடுத்துட்டு வந்து டிக்கியில வச்சிரு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பதால் நான் அவளுக்குப் பல்லு. அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"இன்னைக்குச் சாயங்காலமே வந்து சேர்ந்துக்கலாம்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான்தான் காலைலன்னு அவர்கிட்ட சொன்னேன்."

"ஏன்க்கா?"

அவள் பின்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஊருக்கே கேட்கிற குரலை அவ்வளவு சின்னதாக்கி நான் கேட்டதில்லை.

"எனக்குப் பயம்டி. அவர் அடுப்புன்னு சொன்னப்ப நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேனா? தங்கச்சின்னு சொன்னப்ப? இன்னைக்கு வண்டியைப் பிரிச்சுப் போட்டதப் பார்த்ததும் உள்ளுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி. அந்தக் கடைசி இழுப்பு இருக்கே, அது பழக்கத்துல வந்துச்சா, நானா இழுத்தேனா, எனக்கே தெரியல. அவர்தான் தள்ளிப்போடறார்னு திட்டிக்கிட்டு அவர் முதுகுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன். இப்ப அவரும் பழைய பிளக்கைத் தேய்ச்சுக் கொடுத்துட்டாரு. நடுவுல ஒரு ராத்திரி கிடந்தா, காலைல நான் வரமாட்டேன்னு சொல்லிருவேன். அவர் என்னை ஒரு வார்த்தை வற்புறுத்தமாட்டார்."

நான் போய்ப் பையை எடுத்து வந்தேன். கனமே இல்லை. டிக்கியில் வைத்து மூடியபோது அவர் ஈரக்கையோடு வந்தார். காலையில் போட்ட அதே கறைபடிந்த சட்டைதான். ஒரு சுற்றுக்கு இது போதாதா என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அக்கா கையைத் துணியில் ஒப்புக்குத் துடைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். மோதிரத்தை நீட்டினேன். அங்கே போனால் எப்படியும் கழற்றச் சொல்வார்கள், நீயே வைத்திரு என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். வீட்டைப் பூட்டச் சொன்னாள். ஒரு சுற்றுக்கு எதற்குப் பூட்டு என்று அவர் கேட்டார்.

"ஓட்டுங்க," என்றாள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் மேட்டில் ஏறி, தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம். வலப்பக்கம் போனால் பெரிய சாலை, அதில்தான் ஆஸ்பத்திரி. கார் முனையில் போய் நின்றது. இடது விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே விலகிப் போனார். கார் நகரவில்லை. அக்கா சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் தெரியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டு தலைகளின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, இரண்டும் அசையவில்லை.

இடது விளக்கு அணைந்தது. எந்த விளக்கும் எரியாமல் கார் அங்கேயே நின்றது. எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. போங்க அண்ணே, போங்க என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு வலது விளக்கு மின்னியது. கார் மெதுவாகத் திரும்பிப் பெரிய சாலையில் ஏறிப் போயிற்று. நான் உள்ளே போய் அவர்கள் வீட்டு ஜன்னல்களைச் சாத்தினேன்.